சுகமாகச் செத்த குடும்பம்!

ட்ரிங்...! ட்ரிங்...!

ஆஸ்பத்திரி டெலிபோன் அலறியது.

அது அலறிய அலறலில் மேஜை மேலிருந்த தெர்மாமீட்டர் உருண்டு விழுந்தது. வாசலில் தூங்கிக்கொண்டிருந்த ரிக்ஷாக்காரர் திடுக்கிட்டு எழுந்து, வண்டியில் யாரும் ஏறாமலே பத்து கேவ்ஸ் குகைக்கோயில் வரைக்கும் ஓடிவிட்டுத் திரும்பினார்.

நர்ஸ் கேத்தரின் ரிசீவரை எடுத்தாள்.

"ஹலோ, ஆஸ்பத்திரி."

"பிள்ளை... ஒரு கொலை நடந்து போச்சு!"

கேத்தரின் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"கொலையா? எங்கே?"

"பிரிக்பீல்ட்ஸ். என்ட வீட்டிலே."

"ஐயோ... செத்தது யாரு?"

"நான்தான்!"

கேத்தரின் ரிசீவரை ஒருமுறை உற்றுப் பார்த்தாள். மறுபடியும் காதில் வைத்தாள்.

"அங்கிள், செத்தவங்க போன் பேச முடியாது."

"ஏன் முடியாது? டெலிபோன் என்ட பேரிலேதானே இருக்கு!"

"சரி... உங்களைக் கொன்னது யாரு?"

"மருந்துக்கடை கொர்னேலியஸ்! அவன் தந்ததிலேதான் போனன்... ஐயோ, சுவரிலே யானை ஏறுது! பூமணி, யானை களைச்சுப் போச்சு, உட்கார ஒரு கதிரை எடுத்துப் போடு...!"

டொக்!

லைன் செத்தது.

கேத்தரினும் பாதி செத்தாள்.

காரணம் இருக்கிறது. கொர்னேலியஸ் வெறும் மருந்துக்கடைக்காரன் இல்லை. வரும் சனிக்கிழமை அவள் கழுத்தில் தாலி கட்டப் போகிறவன்! மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. கேக்குக்குச் சொல்லியாகிவிட்டது. சிலோனிலிருந்து முக்காட்டுத் துணி கப்பலேறி வந்து சேர்ந்துவிட்டது. மாப்பிள்ளை மட்டும் தூக்குமேடைக்குப் போய்விட்டால், அத்தனையையும் வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

1936-ஆம் வருஷம் அது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் மேட்டின் மேல் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. ஒரே டாக்டர். அவரும் அன்றைக்கு ஒரு கப்பல் கேப்டனின் வயிற்று வலிக்காக போர்ட் ஸ்வெட்டன்ஹாம் போயிருந்தார்.

கேத்தரின்தான் எல்லாம்.

வாசலில் ஒரு கார் கிறீச்சிட்டு நின்றது.

செத்தவர் இறங்கினார்!

முத்துக்குமாரு. ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். பட்டு வேட்டி, கழுத்தில் சால்வை. முகம் மிளகாய்ச் சிவப்பு. கண்களில் வெள்ளை என்பதே இல்லை, முழுக்கக் கறுப்பு மணி! காற்றில் தொங்கும் கண்ணுக்குத் தெரியாத நூல்களைப் பொறுமையாகப் பிடுங்கி, பக்கத்தில் வந்த மனைவி பூமணியிடம் கொடுத்துக்கொண்டே வந்தார்.

வாசலில் இருந்த எச்சில் சட்டியைப் பார்த்ததும் அட்டென்ஷனில் நின்றார்.

"குட் மார்னிங் துரை!"

பின்னாலேயே மூன்றாவதாக ஒருவர் இறங்கினார். கிள்ளானிலிருந்து வந்த இராமலிங்கம். அவருடைய மகனுக்கு முத்துக்குமாருவின் மகள் பூரணத்தைக் கேட்டு வந்தவர். சம்மந்தம் பேசிக்கொண்டிருந்த மத்தியானத்தில்தான் முத்துக்குமாரு 'செத்திருக்கிறார்'. இராமலிங்கம் நெஞ்சை நிமிர்த்தி, வாயை இறுக்கி மூடி, தபால் பெட்டி மாதிரி நடந்து வந்தார்.

"நோயாளியை உள்ளே கூட்டிட்டுப் போறேன். நீங்க இங்க நில்லுங்க," என்றாள் கேத்தரின்.

"நாங்களும்... வாறம்," என்றார் இராமலிங்கம். "எல்லாத்தையும்... கேட்க வேணும்தானே."

கட்டிலில் படுக்க வைத்த மறு நிமிஷம் இன்னொரு வண்டி.

சப்-இன்ஸ்பெக்டர் ரபேல்! அவர் மீசைக்குத் தனியாக ஒரு லைசென்ஸ் தேவைப்படும். பேச்சில் அடிக்கடி ஒரு மலாய் 'லா' வந்து ஒட்டிக்கொள்ளும். அவருடைய இடது கையில் லத்தி. வலது கையில்... விலங்கு மாட்டிய கொர்னேலியஸ்!

"கொர்னி!" அலறினாள் கேத்தரின்.

"அலறாதே தங்கச்சி," என்றார் ரபேல். "டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருக்கிற பொண்ணு போன்ல பேசினது பூரா ஒட்டுக் கேட்டுட்டா. பாசார் கடைத்தெரு முழுக்கத் தெரிஞ்சு போச்சு. செத்தவரே வாக்குமூலம் குடுத்த கேஸ் இது லா! என் சர்வீஸ்லயே முதல் தடவை!"

"அவர் இன்னும் சாகல அண்ணே!"

"பரவாயில்ல. நான் வெயிட் பண்றேன்."

கேத்தரின் கொர்னேலியஸின் சட்டையைப் பிடித்தாள்.

"அவருக்கு என்ன குடுத்தீங்க? சொல்லுங்க!"

"சொல்ல முடியாது கேத்தரின்."

"என்னது?"

"வாங்கினவரைக் கேளு. அவர் சொன்னாச் சொல்லட்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"பார்த்தியா!" ரபேல் துள்ளினார். "குற்றவாளி இல்லன்னா எதுக்கு லா மறைக்கணும்? புடு ஜெயிலுக்குக் கொண்டு போக சார்ஜன்ட் பெரிய வண்டி எடுக்கப் போயிருக்கான். வண்டி வந்ததும் நாங்க கிளம்புறோம். அதுவரைக்கும் நீ உன் வேலையைப் பாரு."

கேத்தரின் போர்ட் ஸ்வெட்டன்ஹாமுக்குப் போன் போட்டாள். டாக்டர் குரல் கடல் இரைச்சலுக்குள்ளிருந்து வந்தது.

"முதல்ல வயித்தைக் கழுவு! என்ன சாப்பிட்டார்னு அவர் வாயாலேயே கேட்டு வை. அது தெரியாம நான் எந்த மருந்தையும் குடுக்க முடியாது!"

கழுவினாள். சம்மந்தி விருந்து முழுக்க வரிசையாக வெளியே வந்தது. வடை, பாயசம், கத்தரிக்காய்க் குழம்பு... அடியில் ஏதோ கருகிய இலைத் துணுக்குகள். கீரையா? கறிவேப்பிலையா? அதுகள் வாய் திறந்து சொல்லவில்லை.

இனி நோயாளிதான் சொல்ல வேண்டும்.

கேத்தரின் நல்ல நர்ஸ். ஆனால் அவளுக்கே ஒரு வியாதி உண்டு. வரிசை! மேட்ரன் சொல்லிக்கொடுத்த வரிசை. முதலில் கேள்விகள். பிறகு தலையில் ஆரம்பித்துக் கால் கட்டைவிரல் வரை சோதனை. கூரை தீப்பிடித்தாலும், "தீ எப்போ ஆரம்பிச்சுது? இதுக்கு முன்னால வந்திருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவாள்.

"அங்கிள், எப்போ ஆரம்பிச்சுது?"

"1878-லே. வட்டுக்கோட்டையிலே. அண்டைக்குச் சரியான மழை..."

"பிறந்ததைக் கேக்கல! உடம்புக்கு முடியாமப் போனது எப்போ?"

முத்துக்குமாருவின் கறுப்புக் கண்கள் ஒரு நொடி சம்மந்தி பக்கம் போய்த் திரும்பின.

"எனக்கா? எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லையே!"

"செத்துட்டேன்னு போன் பண்ணீங்களே?"

"செத்தனான்தான். ஆனா சுகமாத்தான் இருக்கிறன்."

பூமணி முந்திக்கொண்டாள். "அவருக்கு எந்த வருத்தமும் வந்ததே இல்லை பிள்ளை. ஒரு தும்மல் கூட இல்லை."

"ஐம்பத்தெட்டு வயசு வரைக்கும் தும்மினதே இல்லையா ஆன்டி?"

"எங்கட குடும்பத்திலே ஒருத்தரும் தும்மிறதில்லை."

இராமலிங்கம் கதிரையைக் கட்டிலுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டார்.

கேத்தரின் விடவில்லை. வரிசைப்படி அடுத்தது குடும்ப நோய்கள்.

"உங்க மாமனார் எதனால இறந்தார்?"

"சுகமாத்தான் செத்தவர்," என்றாள் பூமணி.

"சுகமா இருந்தவர் ஏன் செத்தார்?"

"அது அவரின்ட விருப்பம்."

"மாமியார்?"

"அவவும் நல்ல சுகத்தோடதான் செத்தவ."

"சித்தப்பா, பெரியப்பா?"

"சின்ன மாமா மட்டும்..." பூமணி சம்மந்தியைப் பார்த்துவிட்டு எச்சில் விழுங்கினாள். "அவர் கொஞ்சம் கூடுதலான சுகத்திலே செத்தவர்."

உலகத்திலேயே நோயில்லாமல் மளமளவென்று செத்துக்கொண்டிருந்த ஒரே குடும்பம் அதுதான்!

கேத்தரின் பல்லைக் கடித்தாள். "சரி. கொர்னேலியஸ் கடையில என்ன மருந்து வாங்கினீங்க?"

பூமணி புருஷனின் போர்வையை அவசரமாக இழுத்துவிட்டாள்.

"மருந்தோ?" முத்துக்குமாரு சிரித்தார். "சுகமான மனிசனுக்கு மருந்து என்னத்துக்கு? அவன் சும்மா... ஒரு இனிப்பு தந்தவன்."

"விஷ மிட்டாய்!" ரபேல் துப்பாக்கி மாதிரி வெடித்தார். "ஆளுக்கு நோயே இல்ல. ஆனா மருந்துக்கடையில இருந்து ஒண்ணு வந்திருக்கு. நோய் இல்லாதவனுக்குக் குடுத்தா அதுக்குப் பேர் மருந்தா? விஷம்!"

"அவர் எதுக்கு அண்ணே கொல்லணும்?"

"போன மாசம் கிளப்ல பாட்மிண்டன். இந்தக் கிழவர்கிட்ட உன் ஆளு தோத்திருக்கான். அசிங்கமாத் தோத்திருக்கான்!"

கொர்னேலியஸ் முதன்முறையாகத் தலைகுனிந்தான். தோற்றது உண்மைதான்.

வாசலில் ஹாரன் சத்தம். பெரிய வண்டி வந்துவிட்டது!

"உடம்பைப் பார்த்துடறேன்! அதுவரைக்கும் அவரைத் தொடாதீங்க!" கெஞ்சினாள் கேத்தரின்.

தலையில் ஆரம்பித்தாள். கண்மணி விரிந்தது விரிந்தபடி, டார்ச் அடித்தாலும் சுருங்கவில்லை. நாக்கு, வெயில் காலத்துக் கிள்ளான் ரோடு மாதிரிப் புழுதி வறட்சி. தோல் கொதித்தது. ஆனால் ஒரு சொட்டு வியர்வை இல்லை. நாடி, பினாங்கு மெயில் ரயிலைத் துரத்திப் பிடித்து ஓவர்டேக் எடுத்துக்கொண்டிருந்தது.

ஏதோ இலை... அல்லது விதை... இப்படித் தோட்டத்துப் பிள்ளைகள் எதையாவது தின்றுவிட்டு வருவதை அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் எது? எவ்வளவு? வாயைத் திறந்து சொல்ல வேண்டுமே!

அப்போதுதான் அவள் அதைக் கவனித்தாள்.

ஒவ்வொரு கேள்விக்கும், பதிலுக்கு முன்னால், புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் இராமலிங்கத்தைப் பார்த்தார்கள்!

கேத்தரின் குனிந்து முத்துக்குமாருவின் காதில் கிசுகிசுத்தாள்.

"அங்கிள், உங்களுக்கு ஏதோ நோய் இருக்கு. சம்மந்தி முன்னால மறைக்கிறீங்க. உண்மையைச் சொல்லலன்னா என் மாப்பிள்ளையைத் தூக்குல போட்டுடுவாங்க!"

முத்துக்குமாரு அவள் கையை அன்போடு தட்டிக்கொடுத்தார்.

"கவலைப்படாதே பிள்ளை. உனக்கு வேற மாப்பிள்ளை கிடைப்பான். எனக்கு வேற சம்மந்தி கிடைக்காது."

அடப்பாவி மனுஷா!

கேத்தரின் நிமிர்ந்தாள். "இராமலிங்கம் அங்கிள், கொஞ்சம் வெளியே இருக்கீங்களா?"

"ஏன்? மறைக்க... ஏதும்... இருக்கோ?"

"இல்லை, இல்லை!" பூமணி பதறிப்போய் அவர் கதிரையையே இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "சம்மந்தி இருக்கட்டும்! எங்களிட்ட மறைக்க ஒண்டும் இல்லை!"

ரபேல் கொர்னேலியஸின் தோளில் கை வைத்தார். "போகலாமா?"

கேத்தரினின் மூளை கரி அள்ளிப் போட்ட இன்ஜின் மாதிரி ஓடியது. சம்மந்தி வெளியே போக மாட்டார். அவர் உள்ளே இருக்கும்வரை உண்மை வெளியே வராது. அப்படியானால்...

"நில்லுங்க! அந்த வீட்டுல சாப்பிட்ட எல்லாருக்கும் விஷம் ஏறியிருக்கலாம். எல்லாரையும் சோதிக்கணும். அதுதான் சட்டம்!"

அப்படி ஒரு சட்டம் கிடையாது. ஆனால் சட்டம் என்ற சொல் காதில் விழுந்ததும் ரபேலின் கை தானாக சல்யூட் அடித்தது.

"சட்டம்னா சட்டம்! யார் முதல்ல?"

"இவர்."

கேத்தரினின் விரல் இராமலிங்கத்தை நோக்கி நீண்டது.

இராமலிங்கத்தின் முகம் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு நிறத்துக்குப் போனது.

"எனக்கு... ஒண்டும்... இல்லை!"

"படுங்க அங்கிள்."

"வேண்டாம்... பிள்ளை!"

ரபேல் அவரை அலாக்காகத் தூக்கிப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்.

அங்கே கேத்தரின் ஒரு விசித்திரத்தைக் கண்டாள். அவள் பார்க்கும்போதெல்லாம் அவர் மூச்சு விடுவதில்லை! வந்ததிலிருந்தே அப்படித்தான். நாலு சொல் பேசுவார், வாயை இறுக்குவார். உதட்டோரம் லேசாக நீலம் பாய ஆரம்பித்திருந்தது.

இந்த இடத்தில் நர்ஸுகளின் ஒரு பழைய தந்திரத்தைச் சொல்லியாக வேண்டும். 'உங்கள் மூச்சை எண்ணப் போகிறேன்' என்று ஒரு மனிதரிடம் சொல்லிப் பாருங்கள். அந்த நொடியிலிருந்து அவர் கவர்னர் மாதிரி மூச்சு விடுவார். அதனால் எந்த நர்ஸும் சொல்வதில்லை. நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து, நாடி பார்க்கிற மாதிரி கடிகாரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு, ஓரக்கண்ணால் நெஞ்சை எண்ணுவாள். மேட்ரன் சொல்லிக்கொடுத்ததில் கேத்தரினுக்கு மிகவும் பிடித்த களவு அது.

"பயப்படாதீங்க அங்கிள். நாடி மட்டும்தான். வேற ஒண்ணும் பார்க்கல."

மணிக்கட்டைப் பிடித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

இராமலிங்கம் அவள் கண்களைப் பார்த்தார். கடிகாரத்தில்தான் இருந்தன. நாடிதானே...! அவர் உடம்பு தளர்ந்தது. மத்தியானத்திலிருந்து அடக்கி வைத்திருந்ததை மெதுவாக, மிக மெதுவாக வெளியே விட்டார்.

ஈஈஈஈஈய்ய்ய்ங்ங்ங்...!!

ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. வார்டுக் கோடியில் படுத்திருந்த ஒரு கங்காணி, கிள்ளான் ரயில் வந்துவிட்டது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்து ஓடினார்.

பக்கத்துக் கட்டிலில் முத்துக்குமாரு விறுக்கென்று எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் ஆயிரம் சூரியன்!

"முட்டு! பூமணி, சம்மந்திக்கு முட்டு வருத்தம்!"

"முட்டுன்னா... மூச்சு இழுப்பா?" என்றார் ரபேல்.

"இழுப்புத்தான்! எனக்கும் அதுதான்! முப்பது வருஷமா இழுக்குது!"

அணை உடைந்தது!

"மாமா முட்டிலேதான் செத்தவர்!" பூமணி கைகொட்டினாள். "மாமிக்கு நீரிழிவு! சின்ன மாமாவுக்கு எல்லாமே இருந்தது பிள்ளை, எதுவும் மிச்சமில்லை! எனக்கும் பிரஷர் இருக்கு, எழுதிக்கொள்!"

கல்யாண நகையைப் பரப்பிக் காட்டுகிற மாதிரி அவள் ஒவ்வொரு நோயாக எடுத்துப் போட்டாள்.

கேத்தரின் குறுக்கே பாய்ந்தாள். "கொர்னேலியஸ்கிட்ட வாங்கினது என்ன?"

"ஊமத்தை இலைச் சுருட்டு! இழுப்புக்குக் குடிக்கிறது. சம்மந்தி வாற நேரம் பார்த்து நெஞ்சு விசிலடிக்க வெளிக்கிட்டுது. சுருட்டுக் கட்டோட குளியலறைக்குள்ளே ஓடினன். ஒண்டைப் பத்த வைச்சன். அதுக்குள்ளே கதவிலே டமார் டமார் எண்டு ஆரோ குத்தினவை. ஒளிக்க இடம் இல்லை. என்ன செய்யிறது...?"

"என்ன செஞ்சீங்க?"

"கட்டு முழுக்க மென்று விழுங்கிப்போட்டன்!"

"ஐயோ! கதவைக் குத்தினது யாரு?"

பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு கை கூச்சத்தோடு உயர்ந்தது.

"நான்தான்," என்றார் இராமலிங்கம். மடியை அவிழ்த்தார். அதே சுருட்டு! அதே கட்டு! "எனக்கும் இழுத்தது. அவசரமா உள்ளே போக வேண்டியிருந்தது. போனா உள்ளே ஊமத்தைப் புகை மணம்! சம்மந்திக்கும் இருக்கு எண்டு சந்தேகம்தான்... ஆனா அந்த மணம் உமக்கு எப்படித் தெரியும் எண்டு திருப்பிக் கேட்டா நான் என்ன சொல்லுறது?"

கேத்தரின் டெலிபோனுக்குப் பறந்தாள். ஊமத்தை என்றதும் டாக்டர் மறுமுனையில் மருந்தின் பெயரைச் சொன்னார், அளவைச் சொன்னார். கிழவர் பிழைப்பார் என்றும் சொன்னார்.

திரும்பி வந்தபோது இரண்டு கட்டிலும் ஒட்டிப் போடப்பட்டிருந்தன.

"உம்மட மகனுக்கும் இருக்கோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் முத்துக்குமாரு.

"சின்ன வயசிலிருந்தே! உம்மட பிள்ளைக்கு?"

"மழை வந்தா அவளும் இழுப்பாள்!"

"பத்துப் பொருத்தத்துக்கு மேலே இதுதான், சம்மந்தி, பொருத்தம்!"

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஆளுக்கொரு சுருதியில் நெஞ்சு விசிலடித்தது. மேலே மின்விசிறியில் உட்கார்ந்திருந்த யானைக்கும் கல்யாணத்துக்கு வரச் சொல்லி முத்துக்குமாரு அழைப்பு வைத்தார்.

ரபேல் பெருமூச்சோடு விலங்கை அவிழ்த்தார். பதவி உயர்வு ஒன்று கண்ணெதிரே புகையாகப் போன துக்கம் அவர் மீசையில் தொங்கியது.

கேத்தரின் கொர்னேலியஸை வராந்தாவுக்கு இழுத்துப் போனாள்.

"ரெண்டு பேருக்கும் வித்தது நீங்கதானே?"

"ஆமா."

"இழுப்புச் சுருட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விலங்கே வந்திருக்காதே! தூக்குக் கயிறு வரைக்கும் போயும் வாயைத் திறக்கலையே!"

"எப்படித் திறப்பேன்? கல்யாணம் பேசுற வீட்டுக்காரங்கதான் என் கடைக்குப் பின்வாசல் வழியா வர்றாங்க. அவங்க நோயை நான் வெளியே சொன்னா அப்புறம் எவன் லா என்னை நம்புவான்? உயிர் போனாலும் சொல்ல மாட்டேன்!"

கேத்தரினின் கண் கலங்கியது. என்ன மனுஷன்! என்ன நாணயம்! இப்படிப்பட்டவனுக்காக இன்னும் நாலு சம்மந்தியின் மூச்சை எண்ணலாம்! அவன் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

கொர்னேலியஸுக்குப் பெருமை தாங்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தினான்.

"அவ்வளவு ஏன்... உங்கப்பா விஷயத்துலயும் அப்படித்தானே? உன்கிட்டயே நான் மூச்சு விட்டேனா?"

கேத்தரின் அவன் கையை மெதுவாகக் கீழே விட்டாள்.

"எங்கப்பாவா...? எங்கப்பாவுக்கு என்ன?"

கொர்னேலியஸ் கூரையைப் பார்த்தான்.

"எவ்வளவு நாளா?"

தூணைப் பார்த்தான்.

"அம்மாவும் வர்றாங்களா?"

கண்ணையே மூடிக்கொண்டான்.

"உயிர் போனாலும் சொல்ல மாட்டீங்க?"

"போனாலும்!"

கேத்தரின் அமைதியாகத் திரும்பினாள். படியிறங்கிக்கொண்டிருந்த ரபேலைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, போயிடாதீங்க. ஒரு கொலை கேஸ் இருக்கு. இன்னும் நடக்கல... கொஞ்சம் வெளியே நில்லுங்க, முடிஞ்சதும் கூப்பிடறேன்!"